அப்பாவின் உண்டியலும் நம் ஊர்த் தேர்தல்களும்



போன வாரம் பரண் சுத்தம் செய்யும்போது ஒரு பழைய பால்பவுடர் டின் கிடைத்தது. மூடியில் நீளமாக ஒரு ஓட்டை. சுற்றி ஒட்டிய சிவப்புத் துணி சாயம் போய்ச் செங்கல் நிறத்தில் இருக்கிறது. படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். "இது என்ன அப்பாயி, பிக்கி பேங்கா?" என்று பேத்தி கேட்டாள். இல்லை கண்ணு, இது உன் கொள்ளுத்தாத்தா தேர்தலுக்குக் காசு பிரித்த உண்டியல் என்றேன். "தேர்தலுக்கு நாம ஏன் காசு கொடுக்கணும்? அவங்கதானே நமக்குக் கொடுப்பாங்க?" என்றாள்.

அந்தக் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. வகுப்பில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தவர்கள் இதையும் பொறுமையாகப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. நம் திருவரங்குளம் உட்பட புதுக்கோட்டைச் சீமை முழுவதும் தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியில் தனிச் சமஸ்தானமாக இருந்தது, 1948 மார்ச் மாதம் இந்தியாவோடு இணைந்தது, திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது எல்லாம் உங்களுக்கு நான் நடத்திய பாடம்தான். நாலு வருடம்கூட ஆகவில்லை, முதல் பொதுத் தேர்தல் வந்துவிட்டது. நேற்றுவரை மகாராஜாவின் குடிகளாக இருந்தவர்கள் ஓட்டுப் போட வரிசையில் நின்றார்கள்.

அப்போது அப்பாவுக்கு இருபத்து நாலு வயது. அந்தக் காலத்தில் சீட்டில் முத்திரை குத்தும் வேலை கிடையாது. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி இரும்புப் பெட்டி, அதன்மேல் அவரவர் சின்னம். பிடித்தவர் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். அந்தத் தேர்தலில் நம் புதுக்கோட்டைத் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குப் போனவர் காங்கிரஸ்காரர் அல்ல. கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் முத்துசாமி வல்லத்தரசு. குடிசைச் சின்னம். நாடே காங்கிரஸ் பக்கம் நின்ற காலத்தில் ஒரு சின்னக் கட்சியின் ஆள் இங்கே ஜெயித்தார். "குடிசைப் பெட்டியில போட்டுட்டு வெளிய வந்தப்ப, ராசா நம்ம ஓட்டை எண்ணப் போறாங்கன்னு நெனச்சுக்கிட்டேன்" என்று அப்பா சொல்லுவார். எண்ணப்போவது யார் என்பதுகூட அவருக்கு அன்று தெரியாது. ஆனால் எண்ணப்படும் என்பது தெரிந்தது.

பார்லிமெண்டுத் தொகுதிக்கு ஒரு வேட்பாளர் அதிகபட்சம் 25,000 ரூபாய் செலவு செய்யலாம் என்பது அன்றைய சட்டம். அன்று அது பெரிய தொகை. ஜமீனோ மில்லோ இல்லாத ஒருவர் அந்தப் பணத்துக்கு எங்கே போவார்? இந்தக் கேள்வி நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் 1911 வரை பார்லிமெண்டு உறுப்பினர்களுக்குச் சம்பளமே கிடையாது. சொத்து உள்ளவர்தான் உறுப்பினராக இருந்து பிழைக்க முடியும். அந்த வருடம்தான் ஆண்டுக்கு 400 பவுண்டு சம்பளம் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பு தொழிலாளர் கட்சி உறுப்பினர்களுக்குச் சோறு போட்டது சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள் சங்கத்துக்குக் கட்டிய சந்தா. ஏழைகளின் ஆள் சபைக்குப் போக வேண்டுமானால் ஏழைகள்தான் அனுப்ப வேண்டும். உண்டியல் பிறந்த கதை அதுதான்.

எனக்கு நேரில் நினைவு இருப்பது 1967 தேர்தல். நான் நாலாம் வகுப்பு. அரிசித் தட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம். எங்கள் வீட்டில் ராத்திரிக்குக் கேப்பைக் கூழ்தான். பார்லிமெண்டுக்கு ஆர்.உமாநாத் நின்றார். பொன்மலை ரயில்வே தொழிலாளர் சங்கத்தில் வேலை செய்த கம்யூனிஸ்ட் தலைவர். பாப்பா உமாநாத் அவருடைய துணைவியார். 1962-லேயே நம் தொகுதியில் ஜெயித்தவர்தான். ஆனால் 1967-ல் அவருக்காக வேலை செய்தவர்களுக்கு ஒரு பெரிய சிக்கல் இருந்தது.

1962-ல் அவர் நின்றது இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியில், கதிர் அரிவாள் சின்னத்தில். 1964-ல் கட்சி இரண்டாகப் பிரிந்தது. உமாநாத் மார்க்சிஸ்ட் கட்சிப் பக்கம் போனார். 1967-ல் அவர் சின்னம் அரிவாள் சுத்தியல் நட்சத்திரம். ஆள் அவரேதான், சின்னம் வேறு. எழுத்துத் தெரியாதவர்கள் நிறைந்த ஊரில் சின்னம்தான் பெயர். அதோடு, அந்த வருடம் சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் சேர்ந்தே தேர்தல். அண்ணாவின் தி.மு.க. பல கட்சிகளோடு கூட்டணி வைத்திருந்ததால், பல இடங்களில் ஒரு சீட்டில் உதயசூரியனைத் தேடு, இன்னொரு சீட்டில் வேறொரு சின்னத்தைத் தேடு என்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

அப்பா ராத்திரி அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் பழைய காலண்டர் அட்டையில் அரிவாளையும் சுத்தியலையும் நட்சத்திரத்தையும் காவிக்கல்லைக் குழைத்து வரைவார். நட்சத்திரம் அவருக்கு வராது. ஐந்து முனையை ஒரே கோட்டில் போடப் பள்ளிக்கூடத்தில் கற்ற நான்தான் வரைந்து கொடுப்பேன். நான் செய்த முதல் தேர்தல் வேலை அது. (அரசு ஊழியர் நடத்தை விதி எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாது. யாரும் புகார் எழுத வேண்டாம்!)

பகலில் காட்டு வேலை. மாலையில் நாலைந்து பேர் தகரக் குழாயும் உண்டியலுமாகக் கிளம்புவார்கள். காசு என்றால் ஐந்து காசும் பத்துக் காசும்தான். காசு இல்லாத வீட்டில் ஒரு படி கடலை கொடுப்பார்கள், புளி கொடுப்பார்கள். அதைச் சந்தையில் விற்று அந்தக் காசையும் உண்டியலில் போட்டார்கள். சுவரெழுத்துக்குச் சுண்ணாம்பு ஒரு வீட்டில், ராத்திரிச் சாப்பாடு ஒரு வீட்டில்.

எதிர்க்கட்சி வேலையும் எங்கள் குடும்பத்திலேயே நடந்தது. என் தாய்மாமன் தீவிர காங்கிரஸ்காரர், காமராஜர் பக்தர். பூட்டிய இரட்டைக் காளைச் சின்னத்தை அவர் வீட்டு வண்டியிலேயே கட்டியிருந்தார். பகலில் இருவரும் ஒரே தெருவில் எதிரெதிர்ச் சுவரில் எழுதுவார்கள். அப்பாவிடம் சுண்ணாம்பு தீர்ந்துபோனால் "மச்சான், ஒரு சட்டி சுண்ணாம்பு கொடு" என்று மாமாவிடமே கேட்பார். அவரும் கொடுப்பார். ராத்திரி எங்கள் வீட்டுத் திண்ணையில் இருவரும் கூழ் குடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரில் நடந்தது சின்ன அளவு. அதுவே தமிழ்நாடு முழுவதும் பெரிய அளவில் நடந்தது. தி.மு.க.வுக்குத் தேர்தல் நிதியாக 10 லட்சம் ரூபாய் சேர்க்க வேண்டும் என்று அண்ணா இலக்கு வைத்தார். பொறுப்பு கலைஞர் கருணாநிதியிடம். ஊர் ஊராகக் கூட்டம், நாடகம், டிக்கெட், துண்டு ஏந்தி வசூல் என்று அவர் திரட்டிக் கொடுத்தது 11 லட்சம். 1966 டிசம்பர் கடைசியில் தொடங்கிய விருகம்பாக்கம் மாநாட்டில் வேட்பாளர் பட்டியலை அறிவித்த அண்ணா, சைதாப்பேட்டை வந்ததும் ஆளின் பெயருக்குப் பதில் 'பதினோரு லட்சம்' என்று தொகையையே சொன்னார். கூட்டம் புரிந்துகொண்டு ஆர்ப்பரித்தது. விருதுநகரில் காமராஜரை எதிர்த்து நின்ற பெ.சீனிவாசன் மாணவர் தலைவராக இருந்தவர். ஊர் ஊராக மாணவர்கள் சம்பளமில்லாமல் வேலை செய்த தேர்தல் அது. காமராஜர் 1,285 ஓட்டில் தோற்றார். அன்று மாமா சாப்பிடவில்லை. அப்பா ஜெயித்த பக்கம்தான், ஆனாலும் அவரும் அன்று மாமா வீட்டுத் திண்ணையில் போய் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

நம் தொகுதியில் உமாநாத் ஜெயித்தார். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டிலிருந்து மார்க்சிஸ்ட் கட்சி பெற்ற நாலு பார்லிமெண்டு இடங்களில் புதுக்கோட்டையும் ஒன்று.

தேர்தல் முடிந்த பிறகு அப்பா ஒரு நோட்டில் கணக்கு எழுதினார். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. மிச்சம் ஏழு ரூபாய் சொச்சம். அதைப் புதுக்கோட்டைக்கு நடந்தே போய்ச் சங்க ஆபீசில் கட்டிவிட்டு வந்தார். பஸ்ஸில் போனால் அந்தக் காசில்தான் டிக்கெட் எடுக்க வேண்டும் என்பதால் நடை. அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. வரவுப் பக்கத்தில் தொகை மட்டும்தான் இருக்கிறது, கொடுத்தவர் பெயரே இல்லை. சின்ன வயதில் நான் கேட்டேன், ஏன் பெயர் எழுதவில்லை என்று.

"பேர் எழுதுனா அது மொய் ஆத்தா. மொய்யின்னா திருப்பிச் செய்யணும். இது திருப்பிக் கேக்குற காசு இல்ல" என்றார்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆடி ஆவணியில் கீரமங்கலம், வடகாடு பக்கம் மொய் விருந்து நடப்பதைப் பார்த்துத்தானே வளர்ந்தோம். கறிச்சோறு போட்டு, நோட்டில் எழுதி, வாங்கியதை அடுத்த விருந்தில் கூட்டித் திருப்பிச் செய்வது நம் முறை. அது ஒரு நல்ல ஏற்பாடு. எத்தனையோ வீட்டுக் கல்யாணமும் கிணறும் அதில் நடந்திருக்கிறது. ஆனால் அது கடன். நன்கொடை வேறு, மொய் வேறு. கோடிக்கணக்கில் கட்சிக்குக் கொடுக்கும் பெரிய கம்பெனி கொடுப்பது எது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்பதை மக்களிடம் மறைத்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் இந்தக் காரணத்தால்தான். பெரிய தொகைக்குப் பின்னால் ஒரு மொய் நோட்டு இருக்கலாம், அதை ஓட்டுப் போடுகிறவன் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். ஐந்து காசுக்குப் பெயர் வேண்டாம். ஐந்து கோடிக்குப் பெயர் வேண்டும். அப்பாவின் நோட்டுக்கும் தீர்ப்புக்கும் முரண் இல்லை.

இனி என் கதை. ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த பிறகு தேர்தலில் எனக்கு வேறு வேலை. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி நாங்கள் கட்சியில் சேரக் கூடாது, அரசியல் இயக்கத்துக்குப் பணம் தரக் கூடாது, பிரசாரம் கூடாது. ஓட்டுப் போடலாம், யாருக்கு என்று காட்டிக்கொள்ளக் கூடாது. சரியான விதி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். காலையில் உங்கள் அப்பா அம்மாவிடம் இந்தச் சின்னத்துக்குப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு, வாக்குச்சாவடியில் நான் அலுவலராக உட்கார்ந்தால் யார் நம்புவார்கள்? வாக்குச்சீட்டும் பெட்டியுமாக ஆரம்பித்து, 2001 சட்டசபைத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் இயந்திரம் வந்தபிறகும் அந்த வேலையைப் பார்த்தேன். நம் புதுக்கோட்டைப் பார்லிமெண்டுத் தொகுதியே இல்லாமல் போய், மாவட்டத்தின் ஆறு சட்டசபைத் தொகுதிகளும் திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்று நாலு பக்கம் பிரிக்கப்பட்ட பிறகு வந்த 2009 தேர்தலில், அதைக் கண்டித்து 49-ஓ போட வந்தவர்களின் விவரத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். மனதுக்குள் அவர்கள் பக்கம்தான். முகத்தில் காட்டவில்லை.

ஒரு நாள் மட்டும் கஷ்டமாக இருந்தது. 1989 ஜனவரி, பொங்கல் முடிந்து சட்டசபைத் தேர்தல் நெருங்கிய சமயம். மதிய இடைவேளையில் பள்ளி வாசலில் உண்டியல் குலுக்கும் சத்தம். எட்டிப் பார்த்தால் அப்பா. அறுபது தாண்டிய வயதில் வெயிலில் நிற்கிறார். சக ஆசிரியைகள் பார்க்கிறார்கள். என் கை தன்னால் பர்சுக்குப் போனது. அப்பா அதைக் கவனித்துவிட்டார். உண்டியல் ஓட்டையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "ஒனக்கு வேணாம் ஆத்தா, நீ கவர்மெண்டு ஆளு" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடந்துவிட்டார். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. 2003-ல் அவர் போய்ச் சேர்ந்தார். அவர் உண்டியலில் நான் ஒரு காசுகூடப் போட்டதில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு அந்த வாய்ப்பு வந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் நம் பகுதியை என்ன செய்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தென்னையும் பலாவும் சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். அப்போது என் பழைய மாணவி ஒருத்தி, மகளிர் குழுவை வைத்துக்கொண்டு பக்கத்து ஊராட்சியில் கஞ்சித் தொட்டி நடத்தினாள். ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்ல எழுந்தால் குரலே வராத பிள்ளை. 2019 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்றாள். என் வீட்டுக்கு வந்து, "டீச்சர், நீங்க கூட வந்தீங்கன்னா எனக்குத் தைரியமா இருக்கும்" என்றாள்.

டெபாசிட் 600 ரூபாய். தலைவர் பதவிக்குச் செலவு வரம்பு 34,000 ரூபாய். அவளிடம் இருந்தது ஒரு தையல் மிஷினும் குழுக் கடனும். நான் பரணிலிருந்து அப்பாவின் டின்னை எடுத்தேன். என் பென்ஷனிலிருந்து 5,000 ரூபாய் அதில் போட்டேன். என் வாழ்க்கையில் கொடுத்த முதல் தேர்தல் நன்கொடை. பழைய மாணவர்கள் பதினோரு பேர் சேர்ந்தார்கள். திருப்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அனுப்பிய பிள்ளைகள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். நோட்டில் இரண்டு பக்கமும் கணக்கு எழுதினோம். கட்சிச் சின்னம் இல்லாத பதவி, அவளுக்குக் கிடைத்தது பூட்டு சாவி. அன்று ஊரகத் தேர்தல் வாக்குச்சீட்டில்தான். வார்டு, தலைவர், ஒன்றியம், மாவட்டம் என்று ஒரு ஆளுக்கு நாலு நிறத்தில் நாலு சீட்டு. 1967-ல் அப்பா பட்ட பாடு எனக்கும் வந்தது. "ரோஸ் சீட்டில் பூட்டு சாவி" என்று வீடு வீடாகச் சொன்னோம்.

தேர்தலுக்கு முந்தின ராத்திரி இன்னொரு தரப்பிலிருந்து கவர் வந்தது. ஓட்டுக்கு 500. ஜனவரி 2 அன்று எண்ணினார்கள். என் பிள்ளை 43 ஓட்டில் தோற்றாள்.

இங்கே இரண்டு விஷயம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஒன்று, எங்கள் நெருங்கிய உறவு வீடு ஒன்றிலும் நாலு கவர் வாங்கினார்கள். கஜாவுக்குப் பிறகு அவள் காய்ச்சிய கஞ்சியைக் குடித்த வீடுதான். "காசு சும்மா வந்துச்சு, வாங்குனோம். ஓட்டு ஒங்க புள்ளைக்குத்தான் போட்டோம்" என்றார்கள். நான் நம்புகிறேன். ஆனால் அந்த 2,000 ரூபாயை எந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள், யாரிடமிருந்து வசூல் செய்வார்கள் என்று யோசித்தீர்களா? ரோட்டிலும் குடிநீர்க் குழாயிலும்தானே? கவர்தான் உறவுகளே உண்மையான மொய்.

இரண்டாவது, தோல்விக்குக் கவர் மட்டும் காரணமில்லை. எங்கள் தப்பும் இருக்கிறது. அந்த ஊராட்சியில் கடைசியாக, கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஒரு குடியிருப்பு. தெரிந்த தெருக்களையே சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, அங்கே நாங்கள் போனது பிரசாரத்தின் கடைசி நாள் சாயங்காலம். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். அங்கே எங்களுக்கு விழுந்தது மிகக் குறைவு. "உண்டியலைத் தூக்குனா மொதல்ல கடைசி வீட்டுக்குப் போ. அங்கேருந்து திரும்பி வந்தா நடுவுல எல்லா வீடும் வந்துரும்" என்பது அப்பா சொல்லும் வார்த்தை. எனக்கு அது எண்ணிக்கை முடிந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. 43 ஓட்டு அங்கேதான் இருந்தது.

2016-ல் அமெரிக்காவில் பெர்னி சாண்டர்ஸ் என்ற முதியவர் ஜனாதிபதி வேட்பாளர் ஆவதற்குச் சிறு நன்கொடைகளை நம்பி முயன்றார். எனக்கு வரும் நன்கொடையின் சராசரி 27 டாலர் என்று மேடைக்கு மேடை சொன்னார். அவரும் அந்த முயற்சியில் தோற்றவர்தான். சின்னக் காசு எப்போதும் ஜெயிக்கும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். இன்று பார்லிமெண்டு வேட்பாளருக்கு 95 லட்சம், சட்டசபைக்கு 40 லட்சம் செலவு வரம்பு. கட்சி செய்யும் செலவுக்கு வரம்பே இல்லை. உண்டியலால் அதை நிரப்ப முடியாது. ஆனால் உண்டியல் ஒரு வேலை செய்யும். ஐந்து ரூபாய் கொடுத்தவன் மறுநாள் ஆளைப் பார்த்தால் "என்னப்பா, எங்க ரோடு என்னாச்சு?" என்று நெஞ்சை நிமிர்த்திக் கேட்பான். 500 வாங்கியவனால் கேட்க முடியாது.

அப்பாவின் கட்சிதான் என் கட்சி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாமாவின் காளை மாட்டையும் நான் நேசித்தேன். நீங்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நில்லுங்கள். உங்களுக்குப் பிடித்த ஆளுக்கு நூறு ரூபாய் கொடுங்கள், கட்சிக்குக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். பணம் இல்லையா, ஒரு சாயங்காலம் கொடுங்கள். அரசு வேலையில் இருக்கும் பிள்ளைகள் மட்டும் விதியை மதித்து ஓய்வு பெறும்வரை பொறுத்திருங்கள். என்னைப் போல.

அந்த மாணவிக்கு ஒரு செய்தி. இதை நீ படிப்பாய் என்று தெரியும். மறுபடி நிற்கலாமா வேண்டாமா என்று போன மாதம் கேட்டாய். அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. நில்லு தாயி. டின்னுக்குப் புதுச் சிவப்புத் துணி ஒட்டி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை கண்மாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்போம்.

உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டி யாராவது தேர்தலில் சுவர் எழுதியிருந்தால், உண்டியல் தூக்கியிருந்தால், கீழே எழுதுங்கள். எந்தக் கட்சியானாலும் சரி. பேத்திக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
திருவரங்குளம்.